குனிஞ்சா கை முழங்காலுக்குக் கீழ எறங்க மாட்டேங்குது, 63 வயசுல யோகா எனக்கு சரிப்படுமா?

பழைய_லாரிக்காரர்:

வணக்கம். நான் இங்க வந்து படிச்சிட்டுப் போற ஆளு, எழுதுறது இதான் முதல் தடவை, எழுத்துப் பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

வயசு 63. 34 வருஷம் சிங்கப்பூர்ல லாரி ஓட்டுனேன், ஜூரோங்ல இருந்து சாங்கி வரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டு நடை மூணு நடை, சீட்ட விட்டு எறங்குனா சரக்கு எறக்க, இல்லன்னா கோப்பி குடிக்க, நம்ம உடற்பயிற்சி அவ்வளவுதான். போன வருஷம் வேலைய விட்டாச்சு. இப்ப பாத்தா உடம்பு அந்த சீட் வடிவத்துலயே காஞ்சு போன மாதிரி இருக்கு. கால் நகம் வெட்ட முடியல. வீட்டம்மாதான் ஹால்ல ஸ்டூலப் போட்டு என் கால மேல வச்சு வெட்டி விடுறா, வெட்டும்போதெல்லாம் "அடுத்து பல்லும் வெளக்கி விடணுமா"ன்னு ஒரு வார்த்தை.

இதைப் பாத்துட்டு என் மக வீட்டுப் பக்கத்துல ஒரு யோகா வகுப்புல பேரு குடுத்துட்டா, 8 வாரம், காசும் கட்டிட்டா. "ஆரம்ப நிலை"ன்னுதான் போட்டிருந்துச்சு. போனா 20 பேரு, ஆம்பளைங்க நானும் இன்னொருத்தரும்தான், அவரும் பாதியில காணாம போயிட்டாரு. டீச்சருக்கு முப்பது வயசு கூட இருக்காது, நின்னபடி குனிஞ்சு பெருவிரலத் தொடுங்கன்னாங்க. பக்கத்துல ஒரு சீன ஆன்ட்டி, 70 தாண்டியிருக்கும், உள்ளங்கையையே தரையில வச்சுட்டாங்க. என் கை முட்டிக்குக் கீழ நாலு விரக்கடை எறங்குச்சு, அங்கேயே நின்னுடுச்சு. டீச்சர் பின்னாடி வந்து "இன்னும் கொஞ்சம் அங்கிள்"னு முதுகுல கை வச்சு ஒரு அமுக்கு. தொடைக்குப் பின்னாடி சுருக்குன்னு புடிச்சுச்சு பாருங்க. அப்பறம் தரையில உக்காரச் சொன்னாங்க, எப்படியோ உக்காந்துட்டேன், ஆனா எந்திரிக்க முடியல, அந்த சீன ஆன்ட்டிதான் கை குடுத்து தூக்கி விட்டாங்க. மானமே போச்சு. ரெண்டு நாள் நொண்டினேன். அடுத்த வாரம் பேரன ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும்னு சாக்கு சொல்லி போகல.

பிரஷருக்கு 5 மில்லிகிராம் மாத்திரை சாப்பிடுறேன். உக்காந்து எந்திரிச்சா முட்டியில நொறுக்கு நொறுக்குன்னு சத்தம் வருது, வலி கிடையாது. இந்த உடம்புக்கு யோகா ஆகுமா, இல்ல பேசாம விட்டுடலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

தேக்கா_மல்லி:

அண்ணே, முதல் வகுப்புலயே முதுகுல கை வச்சு அமுக்குனது பெரிய தப்பு. கோவமா வருது படிக்கும்போது. எனக்கு 58, ஆறு வருஷமா செய்றேன், இன்னிக்கி வரைக்கும் முட்டிய மடக்காம பெருவிரலத் தொட்டதில்ல, தொடணும்னு ஆசையும் இல்ல.

உங்களுக்கு சுருக்குன்னு புடிச்சது தொடைக்குப் பின்னாடி இருக்கிற தசை, ஹாம்ஸ்ட்ரிங்னு சொல்வாங்க. நாம உக்கார்றோமே அந்த எலும்புல ஆரம்பிச்சு முட்டிக்குக் கீழ போய் ஒட்டுது அது. 34 வருஷம் முட்டிய மடக்கி உக்காந்தே இருந்தா அது இறுகித்தான் கெடக்கும். கால வெறப்பா வச்சிட்டு குனிஞ்சா அது இடுப்ப கீழ இழுத்துப் புடிச்சுக்கும், இடுப்பு மடங்காது, முதுகுதான் வளையும், பாரம் பூரா கீழ்முதுகுல போய் விழும். முட்டிய லேசா மடக்கிப் பாருங்க, உடனே வித்தியாசம் தெரியும். அது ஏமாத்து வேலை இல்லண்ணே, அப்படித்தான் ஆரம்பிக்கணும்.

நீங்க வீட்டுலயே செய்யலாம். கிச்சன் மேடை விளிம்புல ரெண்டு கையையும் வைங்க, அப்படியே அடி அடியா பின்னாடி போங்க, கை, முதுகு நேரா, முட்டி கொஞ்சம் மடங்கி, உடம்பு ஆங்கில எழுத்து எல்ல கவுத்துப் போட்ட மாதிரி வரும். அங்க நின்னு நிதானமா அஞ்சு மூச்சு. அவ்வளவுதான். அப்பறம் கட்டில்ல மல்லாந்து படுத்து ஒரு பழைய துண்ட பாதத்துல மாட்டி ரெண்டு முனையையும் புடிச்சு கால மெதுவா மேல தூக்குங்க, இதுலயும் முட்டி மடங்கி இருந்தா பரவால்ல. லேசா இழுக்கணும், வலிக்கக் கூடாது, மூச்சு திணறுச்சுன்னா ரொம்ப தூரம் போயிட்டீங்கன்னு அர்த்தம்.

துண்டு, கட்டை, நாற்காலி வச்சு செய்றது கேவலம்னு நெனைக்காதீங்க. பெல்ட்டு, மரக்கட்டை, நாற்காலி எல்லாம் யோகாவுல பரவுனதுக்கே பெரிய காரணம் பி.கே.எஸ். ஐயங்கார்தான். 1918-ல பொறந்தவரு, சின்ன வயசுல மலேரியா, டைபாய்டு, டி.பி. எல்லாம் வந்து நோஞ்சானா இருந்தவரு, 95 வயசு வரைக்கும் இருந்தாரு.

தரையில இருந்து எந்திரிக்கிறது தனி வித்தை, அதை யாரும் சொல்லித் தர மாட்டேங்குறாங்க. நேரா எந்திரிக்கப் பாக்காதீங்க. ஒருக்களிச்சு படுங்க, கைய ஊனி மண்டி போட்டு நாலு கால்ல வாங்க, சுவத்தோட ஒட்டிப் போட்ட ஒரு கனமான நாற்காலிய புடிச்சுக்குங்க, ஒரு பாதத்த முன்னாடி வைங்க, அந்தக் கால்ல பாரம் குடுத்து எந்திரிங்க. எந்திரிச்ச உடனே நடக்காம ஒரு அர நிமிஷம் நில்லுங்க, பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு சட்டுன்னு எந்திரிச்சா தலை சுத்தும்.

வலி இல்லாம, வீக்கம் இல்லாம முட்டி சத்தம் மட்டும் போட்டா பொதுவா பயப்பட வேண்டியதில்ல. ஆனா எதுக்கும் உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை. அரசாங்கத்தோட ஹெல்த்தியர் எஸ்ஜி திட்டம் 2023-ல வந்ததுல இருந்து நமக்குன்னு ஒரு கிளினிக் இருக்கில்ல, அங்க போகும்போது கேட்டுடுங்க.

---

நடராஜா_நடை:

தம்பி, எனக்கு 71. தினமும் காலையில பீஷான் அங் மோ கியோ பூங்காவுல ஒரு மணி நேரம் நடை, அப்பறம் கோப்பிக்கடையில ஒரு தே-ஓ கோசோங் (பால், சக்கரை இல்லாத டீ), பசியாற ரெண்டு தோசை. பத்து வருஷமா இதான். மருந்து இல்ல மாத்திரை இல்ல. யோகா எல்லாம் சின்ன வயசுல ஆரம்பிக்கணும், முத்துன மூங்கிலப் போய் வளைச்சா ஒடஞ்சுதான் போகும். காசத் திருப்பி வாங்கிட்டு நல்ல ஷூ ஒண்ணு வாங்குங்க.

---

தேக்கா_மல்லி:

ஐயா, நடை நல்லதுதான், யாரு இல்லன்னா. ஆனா 65 தாண்டுனவங்க வாரத்துக்கு மூணு நாளாவது பேலன்ஸுக்கும் பலத்துக்கும் சேத்து பயிற்சி செய்யணும்னு உலக சுகாதார நிறுவனமே 2020-ல சொல்லியிருக்கு, நடக்குறது மட்டும் போதாது. ஒத்தக் கால்ல பத்து செகண்ட் நின்னு பாருங்களேன், சுவத்துப் பக்கமா நின்னு.

---

நடராஜா_நடை:

நின்னேன். நாலு செகண்ட். வலது கால்ல ஆறு. இதுக்கு மேல ஒண்ணும் கேக்காதீங்க லா.

---

கழுத்துப்பிடி:

நான் செஞ்ச முட்டாள்தனத்த சொல்லிடுறேன், யாருக்காவது உதவும். கோவிட் சமயத்துல வீட்டுல சும்மா இருக்கமேன்னு வீடியோ பாத்து ஹலாசனம் செஞ்சேன், அதான் படுத்துக்கிட்டு கால தலைக்கு மேல பின்னாடி கொண்டு போவாங்களே, கலப்பை மாதிரி. அப்ப வயசு 57. கால் போச்சு, திரும்ப வரல. கழுத்து புடிச்சு மூணு வாரம் பக்கவாட்டுல திரும்பவே முடியல, எம்.ஆர்.டி. ரயில்ல யாராவது கூப்ட்டா உடம்போட திரும்புவேன் ரோபோ மாதிரி. அதுல இருந்து கழுத்துல பாரம் விழுற எதையும் தொடுறதில்ல.

இன்னொண்ணு. என் மனைவிக்கு கண்ணுல குளுக்கோமா இருக்கு. தலைய கீழ தொங்கப் போடுற ஆசனம் எதுவும் வேணாம், கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறும்னு கண் டாக்டர் சொல்லிட்டாரு. நெறைய பேருக்கு இது தெரியாது. எலும்பு மெலிஞ்சு பலம் கொறையுறது, அதான் ஆஸ்டியோபொரோசிஸ், அது உள்ளவங்களும் முதுக வளைச்சு ரொம்ப குனியுறது, முறுக்குறது ரெண்டுலயும் ஜாக்கிரதையா இருக்கணும், முதுகெலும்பு நொறுங்க வாய்ப்பு இருக்கு. உங்களுக்கு பிரஷர் இருக்கிறதால மூச்ச அடக்குற பயிற்சி, தலைகீழா நிக்கிறது ரெண்டும் இப்போதைக்கு வேணவே வேணாம். வகுப்புக்குப் போனா இதெல்லாம் டீச்சர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அவங்க கேக்கலன்னாலும் சொல்லுங்க. இப்படி சொன்னப்பறமும் "ஒண்ணும் ஆகாது செய்யுங்க"ன்னு சொல்றவங்ககிட்ட இருந்து செருப்ப மாட்டிக்கிட்டு வந்துடுங்க.

ஒரு சின்ன விஷயம்: சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சுதான் செய்யணும். நான் ஒரு தடவ மீ கோரெங் சாப்பிட்ட கையோட போயி பட்ட பாடு இங்க எழுத முடியாது.

---

ஒன்பதாம்_மாடி:

அண்ணே எல்லாரும் பெருவிரலப் பத்தியே பேசுறாங்க. உங்க பிரச்சினை கால் நகம்தான? நகம் வெட்ட குனிஞ்சு பெருவிரலத் தொடணும்னு யாரு சொன்னா? சோபாவுல உக்காந்துக்கிட்டு ஒரு கணுக்கால எதிர்ப்பக்கத் தொடை மேல போடுங்க, பாதம் தானா பக்கத்துல வந்துடும். அது முடியலன்னா உங்களுக்கு இறுகியிருக்கிறது இடுப்பு மூட்டு, அது வெளிப்பக்கமா திரும்ப மாட்டேங்குது. அந்த வேலைக்கு அந்த மூட்டுக்குத்தான் பயிற்சி வேணும், குனியுறதுக்கு இல்ல.

நான் பிசியோதெரபிஸ்ட் கிடையாது, எனக்கு இடுப்பு வலி வந்தப்ப சொல்லிக் குடுத்தத சொல்றேன். நாற்காலியில முன்பக்கமா நிமிர்ந்து உக்காருங்க. கணுக்கால எதிர்த் தொடை மேல தூக்கி வைக்க முடிஞ்சா வைங்க. முடியலன்னா கீழ நிக்கிற கால் முட்டிக்குப் பக்கத்துல இன்னொரு ஸ்டூல் போட்டு அது மேல வைங்க. மடக்குன கால் முட்டிய கையால அமுக்காதீங்க, அதுவா எறங்கட்டும். முதுகு வளையாம நெஞ்ச கொஞ்சம் முன்னாடி கொண்டு வாங்க, பிட்டத்துல இழுக்குறது தெரியும். அங்க அஞ்சு மூச்சு. சேர் யோகாவுல இது சாதாரணமா வர்ற ஒண்ணுதான். முட்டியில வலிச்சா உடனே விட்டுடுங்க, இழுக்க வேண்டியது பிட்டம்தான், முட்டி இல்ல.

உங்களுக்கு 60 தாண்டிடுச்சே, பக்கத்து பிளாக்குல ஆக்டிவ் ஏஜிங் சென்டர் (வயசானவங்களுக்கான மையம்) இருந்தா எட்டிப் பாருங்க, நாற்காலியில உக்காந்து செய்ற பயிற்சி பல இடத்துல நடக்குது. எங்க பிளாக் கீழ நடக்குறதுல கொஞ்ச நேரம் பயிற்சி, மிச்ச நேரம் அரட்டை.

---

குருவிக்கூடு:

எங்க அப்பா வேதாத்திரி மகரிஷியோட எளியமுறை உடற்பயிற்சி செய்றாரு, 74 வயசு. கைப்பயிற்சி, கால்பயிற்சி, கண்பயிற்சின்னு வரிசையா போகும், உடம்ப முறுக்குற வேலை கம்மி. தமிழ்லயே சொல்லித் தர்றது அவருக்கு பெரிய வசதி. இங்கிலீஷ் வகுப்புல "இன்ஹேல்" "எக்ஸ்ஹேல்"ல எது உள்ள எது வெளியன்னு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள மத்தவங்க அடுத்த ஆசனத்துக்குப் போயிடுவாங்கன்னு சொல்லுவாரு 😄

---

பழைய_லாரிக்காரர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன், கோச்சுக்காதீங்க, செஞ்சு பாத்துட்டு எழுதலாம்னு இருந்தேன்.

மக போன் பண்ணிக் கேட்டா, காசு திரும்பக் கிடைக்காது, மிச்ச வாரத்துக்கு புதன்கிழமை காலையில நடக்குற சேர் யோகாவுக்கு மாத்தித் தர்றோம்னு சொன்னாங்க. போயிட்டு இருக்கேன். 12 பேரு, எனக்குப் பக்கத்துல ஒரு மலாய்க்கார பாக்சிக் (அங்கிள்), அவரும் டிரைவர்தான், டாக்ஸி. அவருக்கு என்னை விட கம்மியாத்தான் மடங்குது, அதனால மனசுக்கு இதமா இருக்கு. இந்த டீச்சர் கிட்ட வந்து தொடுறதுக்கு முன்னாடி கேக்குறாங்க.

வீட்டுல தினமும் கிச்சன் மேடை. வீட்டம்மா மறுபக்கம் வடை சுட்டுக்கிட்டு இருப்பா, நான் இந்தப் பக்கம் அஞ்சு மூச்சு, அவ "எண்ணெய் தெறிக்கும் தள்ளிப் போங்க"ன்னு ஒவ்வொரு மூச்சுக்கும் ஒண்ணு. முதல் வாரம் ஒரு தப்பு பண்ணேன், பால்கனியில கெடந்த செவப்பு பிளாஸ்டிக் நாற்காலியப் போட்டு கால் மாத்தி உக்காந்தேன், டைல்ஸ்ல வழுக்கிடுச்சு, நல்ல வேளை சோபா மேல விழுந்தேன். இப்ப சாப்பாட்டு மேசையோட மர நாற்காலி, சுவத்துல ஒட்டிப் போட்டு, அடியில ஒரு விரிப்பு.

குனிஞ்சா கை முன்னங்கால் பாதி வரைக்கும் வருது, முட்டி மடக்கிட்டுத்தான். தரையில இருந்து மல்லி தங்கச்சி சொன்ன மாதிரி நானா எந்திரிக்கிறேன், பேரன் அதைப் பாத்துட்டு தாத்தா ஆமை மாதிரி எந்திரிக்கிறாருன்னு அதே மாதிரி செஞ்சு காட்டுறான்.

ஒன்பதாம் மாடி சொன்னதுதான் நெசம், எனக்கு இடுப்புதான் பூட்டிக் கெடந்திருக்கு. போன ஞாயித்துக்கெழம இடது கால் தொடை மேல ஏறிடுச்சு. நகவெட்டிய எடுத்து அஞ்சு வெரலும் நானே வெட்டுனேன், சுண்டு வெரல்ல கொஞ்சம் கோணல். வலது கால் மட்டும் இன்னும் ஸ்டூலத் தாண்டி ஏற மாட்டேங்குது. ஆக்ஸிலரேட்டர்லயும் பிரேக்லயும் 34 வருஷம் ஒரே மாதிரி வச்சிருந்த காலு, அதனாலயோ என்னவோ. அதுக்கு வீட்டம்மாதான், "பாதி சம்பளம் போதும்"னு சொல்றா.

ஒரு சந்தேகம். இறுகுன பக்கத்துக்கு மட்டும் கூட நேரம் செய்யலாமா, இல்ல ரெண்டு பக்கமும் ஒரே அளவா செய்யணுமா?

---

ஒன்பதாம்_மாடி:

எனக்கு சொல்லிக் குடுத்தது: வலது, இடது, திரும்ப வலது. கூட ஒரு தடவ, ஆனா கூட அமுக்கக் கூடாது. குளிச்சிட்டு வந்த உடனே செஞ்சு பாருங்க, உடம்பு சூடா இருக்கும்போது சொன்ன பேச்சு கேக்கும்.