முட்டைத் திருடர்களால்தான் டைனோசர்கள் அழிந்தனவா?

அந்திப்பூச்சி:
எலி போன்ற சிறு பாலூட்டிகள் டைனோசர் முட்டைகளைத் தின்று தின்றே அந்த இனத்தை ஒழித்துவிட்டன என்று பள்ளி நாள்களில் படித்திருக்கிறேன். நேற்று மகளிடம் சொன்னேன். "அம்மா டைனோசர் பக்கத்தில் இல்லையா?" என்று கேட்டுவிட்டாள். விழிக்கிறேன். யாராவது விளக்குங்களேன்.

கல்மரம்:
அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு வாரம் ஒருமுறையாவது பதில் சொல்லியிருக்கிறேன். பாலூட்டிகளும் டைனோசர்களும் சேர்ந்து வாழ்ந்தது 15 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அவ்வளவு காலம் தாக்குப்பிடித்த இனம் திடீரென்று முட்டைத் திருட்டில் முடிந்துபோகுமா? முதலையும் ஆமையும் முட்டையிட்டுத்தான் பிழைத்தன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்தபோது, கடலில் சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகள் என்ற உயிர்களும் மறைந்தன. அவற்றின் கூட்டுக்குள் எந்த எலி புகுந்தது? மெக்சிகோவின் சிக்சுலுப்பில் விழுந்த விண்கல்லைத்தான் நான் குற்றவாளி என்பேன்.

கூட்டருகே திருடர்கள் இருந்தது மட்டும் உண்மை. குஜராத்தில் ஒரு டைனோசர் கூட்டுக்குள் சுமார் 3.5 மீட்டர் நீளப் பாம்பொன்று, நொறுங்கிய முட்டையைச் சுற்றி வளைந்தபடியே கல்லாகிக் கிடந்தது. 1980களில் தோண்டியெடுத்தபோது எல்லாம் டைனோசர் குஞ்சின் எலும்புகள் என்றே நினைத்தார்கள். பாம்பென்று புரியப் பல ஆண்டுகள் ஆயின. 2010இல் சனாஜே இண்டிகஸ் என்று பெயரிட்டார்கள். முழு முட்டையை விழுங்கும் அளவுக்கு அதன் வாய் விரியாது. குஞ்சு வெளியே வரட்டும் என்று காத்திருந்திருக்கும். அந்தக் கூட்டின் அம்மா, நீண்ட கழுத்துள்ள பெரிய டைனோசரான டைட்டனோசர் வகை. முட்டைகளை மண்ணில் புதைத்துவிட்டுப் போயிருக்கும் என்பதே பலரின் கணிப்பு. அத்தனை பெரிய உடம்போடு பக்கத்தில் நின்றால் மிதித்தே நொறுக்கிவிடும்!

முட்டைஓடு:
அடைகாத்த அம்மாவும் உண்டு. 1923இல் மங்கோலியாவில் முட்டைகள்மேல் கிடந்த ஒரு டைனோசரைத் திருடன் என்று நினைத்து, மறு ஆண்டு ஓவிராப்டர் என்று பெயரிட்டார்கள். 'முட்டை பறிப்பவன்' என்று பொருள். 1993இல் அதே வகை முட்டைக்குள் இருந்த கரு, ஓவிராப்டர் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது! அதே குடும்பத்து விலங்கொன்று, முட்டைகள்மேல் கைகளை விரித்து அமர்ந்த நிலையிலேயே புதைந்து கிடைத்திருக்கிறது.

கல்மரம்:
முட்டை பொரிய ஆன காலத்தையும் மகளிடம் சொல்லுங்கள். கருவின் பற்களில் நாளுக்கு ஒன்றாகப் படியும் வளர்ச்சி வரிகளை எண்ணி 2017இல் கணக்கிட்டார்கள். புரோட்டோசெரடாப்ஸ் என்ற டைனோசருக்கு ஏறக்குறைய 3 மாதம், ஹைபக்ரோசாரஸ் என்ற டைனோசருக்கு 6 மாதம். வெள்ளமும் திருடர்களும் வர அது போதுமான அவகாசம். பேரழிவுக்குப் பிறகு மீண்டெழ பொரிப்பதில் இருந்த அந்தத் தாமதம் இடைஞ்சலாக இருந்திருக்கலாம். ஆனால் இது ஊகம்தான்.

அந்திப்பூச்சி:
இருவருக்கும் நன்றி. ஓவிராப்டரின் பெயரை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதப்போவதாக மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

முட்டைஓடு:
பொருந்தாத பெயர் என்பதற்காக மாற்ற, விலங்குகளுக்கு அறிவியல் பெயரிடும் விதிகள் இடம் தரவில்லை. ஆனாலும் எழுதட்டும்.