மரவாசம் பிடிக்கப் போன கதைகள்

வெள்ளவத்தை வாசி:
பென்சன் எடுத்த கையோடு பிரஷருக்கு நடக்கச் சொன்னார் டொக்டர். ஆறு மாதம் மரைன் டிரைவில் நடந்தேன். ரயில் சத்தமும் வாகனப் புகையும்தான் மிச்சம். பிறகு மகன் பத்தரமுல்லைக்கு வேலைக்குப் போகேக்க என்னைப் பெத்தகான ஈரநிலப் பூங்காவில் இறக்கிவிடத் தொடங்கினான். பலகைப் பாதையில் கொஞ்சத்தூரம் உள்ளே போனதும் மணமே மாறிவிடும். ஊறின இலை, சேறு, அதுக்கு மேலால் கறிவேப்பிலையைக் கசக்கினமாதிரி ஒரு பச்சை வாசம். முதல் நாள் போய் வந்த இரவு, வழக்கமாக மூன்று மணிக்கு எழும்புகிற நான் விடியும்வரை நித்திரை. வாசமோ, நடையோ, காரில் மகனோடு அரைமணி கதைச்சதோ, எது வேலை செய்ததென்று என்னால் பிரிக்க முடியவில்லை. உங்களில் ஆருக்கும் இப்படி நடந்திருக்கோ?

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அங்கிள், நான் லாப்பில் வேலை, இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். கிருமி, பூஞ்சை, பூச்சி அண்டாமல் இருக்க மரஞ்செடிகள் காற்றில் விடுகிற ஆவிக்கு ஃபைட்டன்சைட் என்று 1928இல் பெயர் வைத்தவர் ரஷ்யாவின் போரிஸ் டோக்கின். பைன் மரத்தில் பைனீன், தோடம்பழத் தோலில் லிமோனீன், எல்லாம் இந்த வகைதான். ஜப்பானில் டொக்டர் சிங் லி குழு 2005இல் டோக்கியோ கம்பனிகளில் வேலை செய்கிற 12 ஆண்களை மூன்று நாள் காட்டுக்குக் கூட்டிப்போனது. வைரஸ் பிடித்த கலங்களைக் கொல்லும் என்.கே. கலங்களின் செயற்பாடு அவர்கள் இரத்தத்தில் ஏறக்குறைய 50 வீதம் கூடியது. பிறகு ஹோட்டல் அறையிலேயே ஹினோக்கி என்கிற ஜப்பான் சைப்ரஸ் மர எண்ணெயை மூன்று இரவு ஆவியாக விட்டும் பார்த்தார்கள். அங்கேயும் கூடியது, சிறுநீரில் அட்ரினலின் குறைந்தது. ஆனால் அதுவும் 12 பேர்தான். ஹினோக்கியும் எங்கட மாரா மரமும் ஒன்றல்ல.

பம்பலப்பிட்டி அக்கா:
அந்த ஹோட்டல் கதையை வாசித்துத்தான் நான் மாட்டுப்பட்டேன். கடையொன்றில் பைன் எண்ணெய் வாங்கி, ஜன்னலைப் பூட்டி, ஏசியைப் போட்டு, ஆவி விடுகிற மெஷினில் பத்துத் துளி. ஒரு மணித்தியாலத்தில் மகளுக்கு இழுப்பு. இன்ஹேலர் எங்கே வைத்தேனென்று நடுங்கித் தேடினது இன்னும் கண்ணுக்குள் நிற்குது. போத்தலில் பெரிய எழுத்தில் ‘இயற்கை’ என்றிருந்தது. மாமி மட்டும் இன்றைக்கும் கேட்கிறா, நொச்சி ஆவி பிடித்து வளர்ந்த நாங்கள் செத்தா போனோம் என்று.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அக்கா, ஆஸ்துமாக்காரருக்கு வாசனை ஆவியே இழுப்பைக் கிளப்பும். அதோடு லிமோனீனும் பைனீனும் ஓசோனோடு சேர்ந்தால் ஃபோர்மல்டிஹைட் என்கிற நச்சு வாயுவும் நுண்துகளும் உண்டாகும். பூட்டின அறையில் அது போக இடமில்லை.

கிருலப்பனையிலிருந்து, ஊர் ஹட்டன் பக்கம்:
எங்க லயத்துக்குப் பின்னால யூக்கலிப்டஸ் மரங்க. சளி புடிச்சா அம்மா எலையைக் கொதிக்க வச்சு, போர்வையால மூடி ஆவி புடிக்க வைப்பாங்க. மூக்கு தொறக்கும், அவ்வளவுதான். சளி அதுபாட்டுக்கு ஒரு வாரம் இருந்துட்டுத்தான் போகும். ஒருக்கா சட்டி கவுந்து தம்பிக்குத் தொடை வெந்துபோச்சு, அதையும் சொல்லணும். இப்ப எனக்குக் கடை வேலை. லீவு நாள்ல விஹாரமகாதேவி பார்க்ல மரத்தடியில படுத்துக்குவேன். ஊர் வாசம் வராது. ஆனா கடை லைட்டுக்கு வர்ற தலைவலி நின்னுடும், அன்னைக்கு பெனடோல் மிச்சம்.

வெள்ளவத்தை வாசி:
கடைசி கிளினிக்கில் 150 இருந்த பிரஷர் 138. மாத்திரையை நிறுத்தலாமோ என்று கேட்டேன். டொக்டர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார், நான் வாயை மூடிக்கொண்டு மருந்துத் துண்டை வாங்கிவந்தேன். பெத்தகானவுக்கு வாறதென்றால் நுளம்புக்குப் பூசிக்கொண்டு வாங்கோ. பூச்சியை விரட்ட மரம் ஆவி விடுகிறதென்று தம்பி சொன்ன விஷயம் அங்கேயிருக்கிற நுளம்புகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.