ஒத்தக்கடை வீட்டுக்கு ஹோம் அசிஸ்டெண்ட்: பை 5 போதுமா, மினி பிசி வேண்டுமா?

ஒத்தக்கடைவாசி

வணக்கம். ஒத்தக்கடையில் யானைமலை தெரிகிற பக்கம் வீடு கட்டுகிறோம். பூச்சு வேலை முடிந்து வயரிங் நடக்கிறது. கீழே அப்பா அம்மா, மாடியில் நாங்கள். எந்தக் கம்பெனியின் சர்வரையும் நம்பி இருக்காமல் எல்லாம் வீட்டுக்குள்ளேயே ஓட வேண்டும் என்பதால் ஹோம் அசிஸ்டெண்ட் (வீட்டுக் கருவிகளை இயக்கும் மென்பொருள்) போட முடிவு செய்துவிட்டேன். 1 எச்பி மோட்டார், சம்ப், மேல்தொட்டி, இன்வெர்ட்டர் பேட்டரி நிலவரம், கொஞ்சம் விளக்குகள், வாசலிலும் கொல்லையிலும் கேமரா. தேவை இவ்வளவுதான். அதை ஓட்ட ராஸ்பெர்ரி பை 5 என்ற கையளவு கம்ப்யூட்டர் போர்டு, 8 ஜிபி ராம் உள்ளதை வாங்கலாம் என்றிருக்கிறேன். ஆபீஸ் நண்பர் இன்டெல் என்100 சிப் உள்ள மினி பிசி வாங்கச் சொல்கிறார். இந்தப் பக்கம் கரண்ட் அடிக்கடி போய் வரும், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

கூடல்நகர் கோடர்

தயங்காமல் பை 5 வாங்குங்கள். 2023 அக்டோபரில் விற்பனைக்கு வந்த போர்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கார்டெக்ஸ் ஏ76 கோர் நான்கு இருக்கின்றன. நீங்கள் சொன்ன வேலைக்கு 4 ஜிபியே தாராளம். ஹோம் அசிஸ்டெண்ட் ஓஎஸ் இதற்கென்று அதிகாரபூர்வ இமேஜே தருகிறது, எழுதிச் சொருகினால் ஓடும். எஸ்எஸ்டியோடு சேர்த்து 5 வாட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 120 வாட் ஹவர், இரண்டு மாத பில்லில் 7 யூனிட் சொச்சம்.

கரண்ட் போய் வரும் வீட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பை 4 வரை போர்டில் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும் போர்டு எழுந்துவிடும், ஃபைபர் லைன் உயிர்பெற நேரமாகும். அதுவரை கடைசியாகச் சேமித்த பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். விடிகாலை ஐந்தரைக்கு ஓட வேண்டிய மோட்டார் எப்போது ஓடும் என்று சொல்ல முடியாது. பை 5-ல் ஆர்டிசி என்கிற அந்தக் கடிகாரம் போர்டிலேயே இருக்கிறது. அதற்கான சின்ன பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும். மறந்துவிடாதீர்கள்.

செல்லூர் சர்க்யூட்

நான் இதில் மாறுபடுகிறேன். போர்டின் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. 8 ஜிபி பை 5 வெளிவந்தபோது 80 டாலர். அதற்கு மேல் அடாப்டர், கூலர், பெட்டி, எஸ்எஸ்டி பொருத்த ஹேட் என்கிற ஒரு துணைப் போர்டு, எஸ்எஸ்டி, இப்போது நீங்கள் சொன்ன ஆர்டிசி பேட்டரி. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். மினி பிசி ராம், எஸ்எஸ்டி, பெட்டி, அடாப்டர், கடிகாரம் எல்லாவற்றோடும் கைக்கு வருகிறது.

அடாப்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பை 5 கேட்பது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். செல்போன் சார்ஜரில் 65 வாட் என்று அச்சிட்டிருந்தாலும் 5 வோல்ட்டில் பெரும்பாலும் 3 ஆம்பியர்தான் தரும். அப்போது பை தன் யுஎஸ்பி போர்ட் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர் என்று வரம்பு கட்டிவிடும். யுஎஸ்பியில் எஸ்எஸ்டியை மாட்டினால் திணறும். கடைக்காரர் "இந்த சார்ஜர் போதும் சார்" என்பார், நம்பாதீர்கள்.

அடுத்தது கேமரா. எச்.264 முறையில் சுருக்கிய வீடியோவைப் பிரித்துப் பார்க்கும் ஹார்டுவேர் பை 5-ல் இல்லை, எச்.265-க்கு மட்டும்தான் இருக்கிறது. என்100-ல் இரண்டுக்கும் உண்டு. வாசலில் ஆள் நிற்கிறாரா, மாடு நிற்கிறதா என்று ஃப்ரிகேட் என்ற கேமரா மென்பொருள் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் மினி பிசிதான். கரண்ட் செலவு 10 வாட் என்றே வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் சொச்சம். அந்த 7 யூனிட் வித்தியாசத்துக்காகவா இவ்வளவு சிரமம்?

கூடல்நகர் கோடர்

அண்ணே, அடாப்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அதிகாரபூர்வ 27 வாட் அடாப்டரையே வாங்கட்டும். கேமராவுக்குத் தனி ரெக்கார்டர் வைத்துக்கொள்ளலாம். ஹோம் அசிஸ்டெண்டில் படம் தெரிந்தால் போதும். இல்லையென்றால் கேமராவையே எச்.265-க்கு மாற்றிவிடலாம்.

ஏழு யூனிட் பெரிதில்லைதான். கரண்ட் இல்லாத மத்தியானத்தில் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து எதை நேராக ஓட்டலாம் என்பதுதான் என் கேள்வி. பேட்டரியிலிருந்து ஒரு பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் சர்க்யூட்) வைத்து 5 வோல்ட் எடுத்தால் பை ஓடிவிடும். எவ்வளவு ஆம்பியர் தர முடியும் என்று சார்ஜர் சொல்லும் முறையான யுஎஸ்பி பிடி கன்வெர்ட்டருக்குப் பேசத் தெரியாது என்பதால் பை அதை 3 ஆம்பியர் சப்ளை என்றே எடுத்துக்கொள்ளும். கான்ஃபிக் ஃபைலில் அந்த யுஎஸ்பி வரம்பைத் தளர்த்த ஒரு வரி இருக்கிறது, அதைப் போட்டால் சரி.

செல்லூர் சர்க்யூட்

அந்த வரியைப் போடுவதற்கு முன் கன்வெர்ட்டர் உண்மையிலேயே 5 ஆம்பியர் தாங்குமா என்று லோடு கொடுத்துப் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் இருக்கும்போது பார்க்க வேண்டும். ஏசி அறையில் பார்த்து ஓகே சொல்லக் கூடாது.

பேட்டரியில் தனி வயர் இழுக்காமலே ஒரு வழி இருக்கிறது. இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் கரண்ட் போகிற நொடியில் வேகமாக மாறும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகாது. ஆனால் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஏரியாவில் இதே சுவிட்ச் தொந்தரவும் தரும். குறைந்த வோல்டேஜை ஏற்காமல் பேட்டரிக்குத் தாவிவிடும். ஒத்தக்கடையில் ஏழு மணிக்கு மேல் எவ்வளவு வருகிறது என்று எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேலூர் கிணற்றடி

தம்பிகளா, போர்டையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் முதலில் எழுதியது மோட்டார். எங்கள் தோட்டத்தில் மூணு ஃபேஸ் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்டரும் சிங்கிள் ஃபேஸ் பிரிவெண்டரும் இருக்கின்றன. அவை எந்தக் கம்ப்யூட்டரையும் கேட்பதில்லை. ஒரு ஃபேஸ் விழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். வீட்டுக்கும் இரண்டு ஃப்ளோட் சுவிட்ச் போதும். சம்ப்பில் தண்ணீர் இல்லையென்றால் மோட்டார் ஓடக் கூடாது, மேல்தொட்டி நிரம்பினால் நிற்க வேண்டும். இதற்கு எதற்கு லினக்ஸ்?

கூடல்நகர் கோடர்

ஐயா, ஃப்ளோட் சுவிட்ச் தேவை என்பதில் மறுப்பே இல்லை. ஆனால் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று ஃப்ளோட்டுக்குத் தெரியாது. சம்ப்பில் எவ்வளவு சேர்ந்தது, இந்த வாரம் எவ்வளவு போனது, எங்காவது ஒழுகுகிறதா என்பதையெல்லாம் கணக்கு வைத்துப் பார்த்தால்தான் லாரி சொல்ல வேண்டிய நாள் முன்கூட்டியே தெரியும். அதற்குத்தான் ஹோம் அசிஸ்டெண்ட்.

மேலூர் கிணற்றடி

கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நிறுத்துகிற வேலையை அதனிடம் கொடுக்காதீர்கள். ஒரு ராத்திரி வைஃபை போய் மோட்டார் வறண்டு ஓடினால் வைண்டிங் கருகும். அதைக் கழற்றி, ஏற்றிக்கொண்டு போய், காயில் கட்டி வாங்கி வருகிற வரைக்கும் வீட்டில் குளிக்கத் தண்ணீர் இருக்காது. வயதான அப்பா அம்மா இருக்கிற வீடு.

பசுமலை டெஸ்டர்

மேலூர் ஐயா சொல்வதுதான் இந்த விவாதத்தின் மையம் என்று நினைக்கிறேன். இதை ஹோம் அசிஸ்டெண்டோடு சேர்த்தே செய்யலாம். தொட்டிப் பக்கம் ஈஎஸ்பி32 என்ற ஒரு வைஃபை சிப், அதில் ஈஎஸ்பிஹோம் மென்பொருள். நிறுத்தும் விதிகளை அந்தச் சிப்புக்குள்ளேயே எழுதிவிட்டால் வைஃபை போனாலும் மினி பிசி செத்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும்.

ஆனால் இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஈஎஸ்பிஹோமில் யாரும் 15 நிமிடம் ஏபிஐ (ஹோம் அசிஸ்டெண்ட் சிப்போடு பேசும் வழி) மூலம் இணையவில்லை என்றால் சிப் தானாக ரீபூட் ஆகும், அதுதான் இயல்பு அமைப்பு. வைஃபை கிடைக்காவிட்டாலும் அதே 15 நிமிடம்தான். அதாவது ஹோம் அசிஸ்டெண்ட் படுத்துவிட்டால் உங்கள் மோட்டார் கன்ட்ரோலர் கால் மணிக்கு ஒரு தடவை விழுந்து எழும், ஓடிக்கொண்டிருந்த மோட்டார் பாதியில் நிற்கும். இரண்டு இடத்திலும் ரீபூட் டைம்அவுட்டைப் பூஜ்யம் என்று மாற்றுங்கள். ரிலேயின் ரீஸ்டோர் மோடை (சிப் மறுபடி எழும்போது ரிலே இருக்க வேண்டிய நிலை) எப்போதும் ஆஃப் என்று வையுங்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாகக் கிளம்பக் கூடாது.

அப்புறம், ரிலே போர்டில் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதே என்று 1 எச்பி மோட்டாரை நேராக அதில் மாட்டாதீர்கள். கிளம்புகிற நொடியில் அது ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டால் ஃப்ளோட் சொன்னாலும் சிப் சொன்னாலும் மோட்டார் நிற்காது. ரிலே, கான்டாக்டர் என்கிற பெரிய மோட்டார் சுவிட்சின் காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டாரைக் கான்டாக்டர் இயக்கட்டும். ஓவர்லோட் ரிலே கட்டாயம். ஃப்ளோட் சுவிட்சையும் அந்தக் காயில் வயரிலேயே தொடராகச் சேர்த்துவிட்டால் சாஃப்ட்வேர் என்ன நினைத்தாலும் தொட்டி நிரம்பினால் கரண்ட் அறுந்துவிடும்.

ஒத்தக்கடைவாசி

அக்கா, தொட்டிக்கு அல்ட்ராசானிக் சென்சார் வாங்கி வைத்திருக்கிறேன், ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி. அது சரியாக வருமா?

பசுமலை டெஸ்டர்

அளவு காட்ட வைத்துக்கொள்ளலாம், நிறுத்த வேண்டாம். முகத்திலிருந்து 20, 25 சென்டிமீட்டருக்குள் தண்ணீர் வந்துவிட்டால் அது சரியாக அளக்காது. தொட்டி நிரம்பும் கடைசிக் கட்டம் அதுதான். கறுப்புத் தொட்டியின் மூடியைக் காலையில் திறந்து உள்பக்கம் பாருங்கள், வியர்த்து முத்து முத்தாகத் தண்ணீர் தொங்கும். சென்சார் முகத்திலும் அப்படித்தான். ஒரு துளி நின்றாலே நிரம்பிய தொட்டி காலி என்றும் காலித் தொட்டி நிரம்பியது என்றும் காட்டும். கழுத்துப் பகுதியில் ஒரு குழாய்த் துண்டு வைத்துச் சென்சாரை உயர்த்திப் பொருத்தினால் அந்த 25 சென்டிமீட்டர் பிரச்சினை தீரும். துளிப் பிரச்சினை அப்போதும் இருக்கும்.

விளக்குகளுக்கும் ஒன்று. ஸ்மார்ட் பல்பு வேண்டாம். அம்மா சுவரில் சுவிட்சை அணைத்தால் பல்பு செத்துவிடும், அப்புறம் எந்தச் சாஃப்ட்வேராலும் எழுப்ப முடியாது. சுவிட்சுக்குப் பின்னால் ரிலே மாட்யூல் வையுங்கள். நம் ஊர் போர்டுகளில் பெரும்பாலும் பிளக் பாயின்ட்டும் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் கிடைத்துவிடும். வயரிங் நடக்கும்போதே ஆழமான பெட்டி வைக்கச் சொல்லுங்கள். பூச்சு முடிந்த சுவர் என்றாலும் இப்போது உடைப்பது பெயின்ட் அடித்த பிறகு உடைப்பதைவிட மேல்.

செல்லூர் சர்க்யூட்

அக்கா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அதன்படி பார்த்தால் பைக்கு ஆதரவாகச் சொல்லும் ஜிபிஐஓ பின்களுக்கும் (சென்சார், ரிலேயைப் போர்டில் நேராக இணைக்கும் முனைகள்) வேலை இல்லை. ஹோம் அசிஸ்டெண்ட் தன் உள்ளமைந்த ஜிபிஐஓ ஆதரவை 2022-லேயே எடுத்துவிட்டது. ஆக, மீதி இருப்பது கேமராவும் எஸ்எஸ்டியும். இரண்டிலும் மினி பிசிதான் முன்னால் நிற்கிறது.

கூடல்நகர் கோடர்

எஸ்எஸ்டி போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றுதான். எஸ்டி கார்டில் ஓட்டுபவர்களுக்குத்தான் ஆபத்து. ஹோம் அசிஸ்டெண்ட் ஒவ்வொரு சென்சார் மாற்றத்தையும் எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பில் சில நொடிக்கு ஒருமுறை எழுதிக்கொண்டே இருக்கும், 10 நாள் வரலாறு வைத்திருக்கும். எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் கார்டு கெடும். வோல்டேஜ், வைஃபை சிக்னல் மாதிரி ஓயாமல் மாறும் சென்சார்களைப் பதிவிலிருந்து விலக்கிவிடுங்கள். பேக்கப்பை வேறு டிரைவில் வையுங்கள். ஜிக்பீ டாங்கிள் (வயரில்லா சென்சார்களோடு பேசும் யுஎஸ்பி கருவி) மாட்டுவதானால் ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 3 போர்ட்டும் எஸ்எஸ்டியும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். பைக்கும் மினி பிசிக்கும் இது பொது.

கேமரா ஆள் அடையாளம் வேண்டாம் என்றால் நான் இன்னமும் பை 5 என்றே சொல்வேன். ஃபேன் இல்லாத மினி பிசி வெயிலில் கொதிப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

செல்லூர் சர்க்யூட்

பை 5-ம் கூலர் இல்லாமல் 80 டிகிரியைத் தொட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிற போர்டுதான் தம்பி. வெயில் இருவருக்கும் ஒன்று.

ஒத்தக்கடைவாசி

எல்லோருக்கும் நன்றி. மோட்டார் வேலை முழுக்கக் கான்டாக்டர், ஃப்ளோட், ஈஎஸ்பி32 மூன்றிடமும். எலக்ட்ரீஷியனிடம் நாளைக்கே சொல்லி ஆழமான பெட்டி வைக்கிறேன். வாசலில் ஆள் வந்தால் அப்பாவுக்குத் தெரிய வேண்டும் என்பதால் கேமரா அடையாளம் எனக்குத் தேவைதான், அதனால் மினி பிசி பக்கம் போகிறேன். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் சுவிட்ச், அதற்கு முன் சாயங்கால வோல்டேஜ் பார்ப்பேன். ரவுட்டரை மட்டும் கன்வெர்ட்டர் வழியாகப் பேட்டரியிலிருந்து நேராக ஓட்டலாமா?

மேலூர் கிணற்றடி

ஓட்டலாம். பேட்டரி முனையிலிருந்து வயர் கிளம்புகிற இடத்திலேயே ஃப்யூஸ் போடுங்கள், கன்வெர்ட்டர் பக்கத்தில் போட்டால் நடுவில் வயர் உரசினால் பயனில்லை. சம்ப் மூடிக்கும் பூட்டு வையுங்கள், வீட்டுக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்கள்.