படத்தில் வெட்டுக்குத்து பார்க்கும் பிள்ளைகள்: நாம் எதைக் கண்டு பயப்பட வேண்டும்?

செம்பனை நிழல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வசிக்கிறேன். வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்கிறேன். என் மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். சென்ற சனிக்கிழமை நடந்த ஒன்றை நினைத்து இரண்டு நாள்களாக எனக்கு வேலையே ஓடவில்லை.

அன்று மாலை அவனும் பக்கத்து வீடுகளின் பிள்ளைகள் மூவரும், வெட்டிய செம்பனை ஓலைகளைக் குவித்து வைத்திருக்கும் இடத்தில், மட்டைகளைப் பாராங் கத்தியாக வைத்துக்கொண்டு விளையாடினார்கள். தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தால் சன்னல் வழியே அந்த இடம் முழுவதும் தெரியும். வாயாலேயே பின்னணி இசை போட்டுக்கொண்டு, ஓங்கிய கையை மிக மெதுவாக இறக்கி, வெட்டுப்பட்டவன் சுழன்று சுழன்று விழுவதாக அவர்கள் செய்து காட்டினார்கள். அந்த மெதுவான அசைவு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். முந்திய வாரம்தான் குடும்பத்தோடு உட்கார்ந்து அப்படியொரு படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தோம்.

நான் நூல் மாற்றக் குனிந்து நிமிர்வதற்குள், மட்டையின் ஓரத்து முள் ஒரு பையனின் புருவத்துக்கு மேலே கிழித்துவிட்டது. அவன் விழுந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். மற்ற மூவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். என் மகன் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தலையைச் சற்றே தாழ்த்தி, படத்தில் கதாநாயகன் நின்றதைப் போலவே நின்றான். நான் ஓடிப்போய்த் தூக்கும்வரை எவனும் பெரியவர்களைக் கூப்பிடவில்லை. பையனுக்கு நான்கு தையல் போட்டார்கள். இரவில் மகனிடம் கேட்டபோது, "அவன் நல்லா நடிக்கிறான்னு நெனச்சேன்மா" என்றான்.

என் கணவர், நாமும் சண்டைப் படங்களைப் பார்த்துத்தானே வளர்ந்தோம், யாரையாவது வெட்டினோமா என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் அந்தப் பிள்ளை அழுதபோது மூன்று பேர் அசையாமல் நின்றதை என்னால் விளையாட்டு என்று ஒதுக்க முடியவில்லை. படத்தில் காணும் வன்முறை பிள்ளைகளை உண்மையிலேயே மாற்றுகிறதா? படம் பார்ப்பதையே நிறுத்திவிட வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெரட்டுக்களம் எழுதியது:

வணக்கம் அம்மா. நான் இந்த வட்டாரத்துத் தோட்டமொன்றில் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

எங்கள் சிறு வயதில் தகவல் இலாகாவின் வண்டி தோட்டத்துக்கு வந்து திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டும். சில மாதங்களில் நிர்வாகமே படச்சுருள் எடுத்து வந்து காட்டுவதும் உண்டு. லயத்து வீடுகள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், அனைத்தும் பாயோடு திடலுக்கு வந்துவிடும். அந்தப் படங்களிலும் கத்திச் சண்டை உண்டு, இரத்தம் உண்டு. ஆனால் நாங்கள் பாட்டிமார் மடியில் உட்கார்ந்து பார்த்தோம். வில்லன் ஓங்கும்போது பாட்டி, "பாவிப் பய, அவன் கை விளங்குமா!" என்று சபிப்பார், அடிபட்டவனுக்காக நாலு பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். சுருள் மாற்றும் இடைவெளியில் அந்த அடி நியாயமா இல்லையா என்று பெரியவர்கள் வாதாடிக்கொள்வார்கள். அடி ஒன்று விழுந்தால் அதைச் சுற்றிப் பத்துப் பேரின் வருத்தமும் கோபமும் இருந்தன. இன்று உங்கள் மகன் அதே அடியைக் கைப்பேசியில், காதில் செவிப்பொறியை மாட்டிக்கொண்டு, வேண்டிய இடத்துக்குத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறான். "ஐயோ" என்று சொல்ல அவன் பக்கத்தில் ஆளில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1948 ஜூன் 16ஆம் நாள் இதே சுங்கை சிப்புட்டில், எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்கப் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலம் 1960வரை நீடித்தது. அப்போது என் தந்தையார் அண்டைத் தோட்டமொன்றில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிக்கொண்டிருந்தார். அந்த நாளைப் பற்றி அவர் வாழ்நாளில் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: செய்தி பரவியதும் எல்லாரும் பால் எடுக்காமல் லயத்துக்குத் திரும்பிவிட்டார்கள், மறுநாள் போய்ப் பார்த்தால் கோப்பைகளிலெல்லாம் பால் உறைந்து கிடந்தது என்பார். சுட்டவர் யார், எப்படிச் சுட்டார் என்று நான் ஆவலோடு கேட்பேன். அவர் எழுந்து வெளியே போய்விடுவார். மெய்யான கொலைக்குப் பக்கத்தில் வாழ்ந்த மனிதர் அதை ஒருநாளும் கையை ஓங்கி நடித்துக் காட்டியதில்லை.

ஆலோசனை அறை எழுதியது:

வணக்கம். நான் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆலோசனை ஆசிரியையாக இருக்கிறேன். செம்பனை நிழல் அம்மா, உங்கள் கேள்விக்கு ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதைக் கூடிய மட்டும் நேர்மையாகச் சொல்ல முயல்கிறேன். ஏனெனில் இந்த விஷயத்தில் மிகைப்படுத்திப் பேசுபவர்களே அதிகம்.

ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளவியலாளர் 1961இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில், 72 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடித்து உதைப்பதைப் பார்த்த குழந்தைகள், தங்கள் முறை வந்தபோது அதே அடிகளை, அதே சொற்களோடு அடித்தார்கள். 1963இல் அதையே படமாகக் காட்டியபோதும் குழந்தைகள் அப்படியே பின்பற்றினார்கள். எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது 1965இல் அவர் வெளியிட்ட சோதனை. அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் செய்து காட்டினால் பரிசு உண்டு என்றதும் அவர்களும் மற்றவர்களைப் போலவே செய்து காட்டினார்கள். அதாவது, செய்யாத பிள்ளையும் கற்றுத்தான் இருந்தது. படத்தின் கடைசி ஐந்து நிமிடங்களில் வில்லன் சிறைக்குப் போகிறான் என்பதால் முந்தைய இரண்டு மணி நேரம் பிள்ளையின் மனத்தில் பதியாமல் போய்விடாது. அடிப்பதற்கென்றே செய்த பொம்மையை அடிப்பதும் மனிதனை அடிப்பதும் ஒன்றல்ல என்று இந்தச் சோதனைகளைக் குறை கூறியவர்கள் உண்டு; அந்தக் குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் கண்ட காட்சிக்கு மிக நெருக்கமான ஆய்வு வேறொன்று. 1974இல் டிராப்மன், தாமஸ் என்னும் இருவர், ஏறத்தாழ உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு மட்டும் அடிதடிப் படம் ஒன்றைக் காட்டினார்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளையிடமும், பக்கத்து அறையில் விளையாடும் சின்னக் குழந்தைகளைத் திரையில் பார்த்துக்கொள், ஏதாவது ஆனால் வந்து சொல் என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தச் சின்னக் குழந்தைகள் சண்டையிடத் தொடங்கியபோது, படம் பார்த்த பிள்ளைகள் பெரியவர்களைக் கூப்பிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் பதிவைப் படித்தவுடன் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. உங்கள் மகன் கெட்ட பிள்ளையாகிவிட்டான் என்று பொருள் கொள்ளாதீர்கள். அழுகையைக் கேட்டவுடன் காலைக் கிளப்பும் அந்தப் பதற்றம் சற்றே மழுங்கியிருக்கிறது. கூர் தீட்ட முடியாத வயது அல்ல அவனுக்கு.

நீண்டகாலப் பாதிப்பைப் பற்றி ஹியூஸ்மன் குழுவினர் 2003இல் எழுதினார்கள். 1977இல் சிகாகோ வட்டாரத்தில் 6 முதல் 10 வயதுவரை இருந்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, 15 ஆண்டுகள் கழித்து அவர்களுள் 329 பேரை மீண்டும் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். சிறு வயதில் வன்முறையை அதிகம் பார்த்தவர்களிடம் வளர்ந்த பின் முரட்டுத்தனம் கூடுதலாக இருந்தது. தன்னை அந்தப் பாத்திரமாகவே எண்ணிக்கொண்ட பிள்ளைகளிடமும், திரையில் காண்பது உண்மை வாழ்க்கை போன்றதே என்று நம்பிய பிள்ளைகளிடமும் பின்னாளில் முரட்டுத்தனம் கூடுதலாகக் காணப்பட்டது. உங்கள் மகன் கதாநாயகனைப் போல நின்றான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் கவனிப்பேன்.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கக்கூடாது. டால், டெல்லவிக்னா என்னும் இரு பொருளியலாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் வன்முறைப் படங்களுக்குக் கூட்டம் அதிகம் சேர்ந்த நாள்களில் வன்குற்றங்கள் கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருந்தன என்று காட்டினார்கள். அவர்கள் கூறும் காரணம் எளியது: சண்டைக்குப் போகக்கூடிய இளைஞர்கள் அந்த நேரத்தில் திரையரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள், குடிக்கவில்லை. தோட்டத்தில் படம் காட்டிய இரவுகளில் சம்சு குடித்துவிட்டு வரும் தகராறு குறைந்திருந்ததா என்பதைப் பெரட்டுக்களம் ஐயாதான் சொல்ல வேண்டும். எப்படியாயினும், ஒரு வார இறுதியின் குற்றக்கணக்கு ஒரு பிள்ளை பத்து ஆண்டுகளில் எப்படி வளர்கிறான் என்பதற்கு விடையாகாது.

பெரட்டுக்களம் எழுதியது:

குறைந்துதான் இருந்தது, ஆசிரியை. படம் முடிந்த பிறகு குடிக்கப் போனவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய லயம் 7 எழுதியது:

எல்லாவற்றையும் படத்தின் தலையில் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். பதினாறு வயதில் நானும் ஒரு கும்பலோடு திரிந்தவன். என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது படம் அல்ல. தோட்டத்தை விற்று மேம்பாட்டுக்குக் கொடுத்ததும் எங்களை லயத்திலிருந்து கிளப்பி அடுக்குமாடி வீட்டில் தள்ளினார்கள். அப்பாவுக்கு வேலை போயிற்று. இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் ஆண்டான படிவம் மூன்றோடு என் படிப்பும் நின்றது. அந்த வயதில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, தோளில் கை போட்டு, "தம்பி" என்று கூப்பிட்டவர்கள் அவர்கள் மட்டுமே. உள்துறை அமைச்சு 2013இல் 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது நம் பிள்ளைகள் எத்தனை பேர் அவற்றில் இருந்தார்கள் என்பதை நாடே பேசியது. அந்தப் பிள்ளைகள் திரையரங்கிலிருந்து நேராக அங்கே போனவர்கள் அல்லர்.

ஆனால் உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டுமென்றால், கும்பலில் சேர்ந்த பின் நாங்கள் நடந்த நடை, சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்ட விதம், எதிராளியிடம் பேசிய வசனம் எல்லாமே படத்திலிருந்து எடுத்தவை. முதல்முறை ஓர் ஆளை அடிக்கப் போனபோது எனக்குக் கால் நடுங்கியது. மனத்துக்குள் ஒரு பின்னணி இசையை ஓடவிட்டுக்கொண்டேன், நடுக்கம் நின்றது. அந்த இசை இல்லாமலிருந்தால் நான் திரும்பி வீட்டுக்குப் போயிருப்பேனோ என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள்.

இரவுமுறைத் தாதி எழுதியது:

பழைய லயம் தம்பி எழுதியதைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் அவசரப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்த தாதி.

பாராங் வெட்டு பெரும்பாலும் முன்கையிலும் உள்ளங்கையிலும்தான் இருக்கும். தலையைக் காக்க மனிதன் கையைத்தான் தூக்குகிறான். விரல்களை மடக்கும் தசைநாண்கள் அங்கேதான் ஓடுகின்றன. ஒருமுறை பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைத் துண்டால் சுற்றிய கையோடு கொண்டுவந்தார்கள். அவன் முகத்தில் வலியைவிடக் குழப்பமே அதிகமாக இருந்தது. "அக்கா, விரல மடக்கச் சொல்றேன், அது கேக்க மாட்டேங்குது" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அறுந்த நாணைத் தைத்த பின் பல வாரம் கையைச் சட்டத்தில் கட்டி வைக்க வேண்டும், பிறகு மாதக்கணக்கில் பயிற்சி செய்ய வேண்டும். அப்படியும் பிடி பழையபடி வருமென்று உறுதி சொல்ல முடியாது. அவன் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. குலை வெட்டும் நீண்ட கழியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும்.

படத்தில் அடுத்த காட்சிக்கே கட்டு அவிழ்ந்துவிடுகிறது. 1990களில் அமெரிக்காவில் தொலைக்காட்சி வன்முறையை ஆராய்ந்த பெரிய ஆய்வொன்றில், ஏறக்குறைய பாதிக் காட்சிகளில் அடிபட்டவருக்கு வலியோ காயமோ காட்டப்படவே இல்லை என்று கண்டறிந்தார்கள். இரத்தத்தைக் காட்டுவதைவிட இரத்தத்துக்குப் பின்னால் வரும் நாள்களைக் காட்டாமல் விடுவதுதான் பிள்ளைகளுக்குச் செய்யும் பெருங்கேடு என்பது என் எண்ணம்.

ஒரு சிறு செய்தி: நம் நாட்டில் தணிக்கை வாரியம் ஒவ்வொரு படத்துக்கும் வயது வகை கொடுக்கிறது. திரையரங்குச் சீட்டில் 16 என்றோ 18 என்றோ போட்டிருந்தால் அதைப் பாருங்கள். முதல் நாள், முதல் காட்சி என்று கைக்குழந்தையோடு வருபவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. அப்படிப் பயந்துபோய்ப் பல இரவுகள் தூங்காத பிள்ளைகள் உண்டு. அடிதடிக்குப் போகாத, அமைதியான பிள்ளைகள் என்பதால் அவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

செம்பனை நிழல் எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. தம்பி, நீங்கள் எழுதியதை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் கைப்பேசியை வாங்கி இன்னொருமுறை படித்தார்.

நேற்றிரவு அந்தப் படத்தையே மகனோடு மறுபடியும் பார்த்தோம். இம்முறை இருவருக்கும் நடுவில் அவனை உட்கார வைத்துக்கொண்டோம். சந்தைச் சண்டையில் கதாநாயகன் தூக்கி எறியும் ஓர் ஆள் காய்கறித் தட்டின்மேல் விழுவான், அந்த இடத்தில் நிறுத்தி, "இந்த ஆள் ராத்திரி வீட்டுக்கு எப்படிப் போயிருப்பாரு?" என்று கேட்டேன். மகன் முதலில் சிரித்தான். பிறகு படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "அந்தக் காய்கறி யாரோடதும்மா?" என்றான். அதை நானே நினைத்துப் பார்த்ததில்லை. சண்டை முடிந்து வெகுநேரம் ஆனபிறகும் அவன் அந்தக் கடைக்காரரைத் தேடிக்கொண்டிருந்தான். படத்தில் அவர் திரும்ப வரவில்லை.

படத்தை முழுவதும் நிறுத்தப் போவதில்லை. அவன் தனியாகக் கைப்பேசியில் பார்ப்பதை நிறுத்திவிட்டோம். இந்த வாரம் ஈப்போவுக்குப் போவதாக இருந்த படம் 16 வகை என்று தெரிந்ததால் கணவரே வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

தாதி அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை அந்தப் பையனுக்குத் தையல் பிரிக்கிறார்கள். அவனுடைய அம்மா சம்மதித்தால் என் மகனையும் உடன் அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளை அதைப் பார்க்கலாமா, அல்லது வெளியே பெஞ்சில் உட்கார வைப்பது நல்லதா?

இரவுமுறைத் தாதி எழுதியது:

உள்ளே வரட்டும், அம்மா. கத்தரியைப் பார்க்க வேண்டாம்; அந்தப் பையனின் தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.