லெட்டர் ஸ்பேசிங் (எழுத்துக்கு நடுவுல விடுற இடைவெளி) குடுத்து தமிழ் எழுத்து பிரிஞ்சு போன அனுபவம் யாருக்காவது இருக்கா?

கொம்புசுழி:
ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு. ஒரு சிற்றிதழுக்கு சைட் பண்ணிக் குடுத்தேன், தலைப்பு கொஞ்சம் விரிஞ்சு நிக்கட்டும்னு லெட்டர் ஸ்பேசிங் 4 பிக்சல் போட்டேன், என் லேப்டாப்ல நல்லாதான் இருந்துச்சு. ஆசிரியர் ஐயாவுக்கு எழுபது தாண்டிருச்சு, அவரோட பழைய போன்ல திறந்தாரு. "கொன்றை"ல கொம்பு தனி, க தனி, கால் தனி. அந்த இடைவெளி மேல விரல வச்சு "தம்பி, இது எழுத்தாப்பா?"ன்னாரு. கோவமே படல, அதான் தாங்க முடியல.

அன்னிக்கு ராத்திரி வெப் பக்கத்தோட தோற்றத்துக்கு விதி சொல்ற சிஎஸ்எஸ் ஸ்பெக்க எடுத்துப் படிச்சா, அதோட டெக்ஸ்ட் பகுதில தெளிவாவே இருக்கு, இடைவெளி எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவுலதான், எழுத்துக்குள்ள கிடையாது. எது ஒரு எழுத்துன்றதுக்கு யூனிகோடோட யூஏஎக்ஸ் 29ன்ற எழுத்துப் பிரிப்பு விதி ஆவணத்துப் பக்கம் அனுப்புது, அங்க போனா உதாரணமா நம்ம "நி" இருக்கு! நம்ம எழுத்தையே வச்சு விதி எழுதியிருக்காங்க, அப்புறமும் திரையில உடையுது.

இரவுப்பறவை:
பிரவுசர்காரங்கள மட்டும் சொல்லாதீங்க, அவங்க கையக் கட்டிப் போட்டிருக்குற இடமும் இருக்கு. 2018ல ஜாவாஸ்கிரிப்ட் அர்ரேக்கு (பட்டியல்) ஃப்ளாட்டன்னு, உள்ளுக்குள்ள இருக்குற பட்டியல பிரிச்சு ஒண்ணாக்குற வசதி வருதுன்னு ஆசையா இருந்தேன். ஃபயர்ஃபாக்ஸோட சோதனைப் பதிப்பு நைட்லில போட்டதும் மூடூல்ஸ்ன்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி வச்ச பழைய சைட் உடைஞ்சுது, மூடூல்ஸ் அதே பேர்ல ஏற்கனவே ஒண்ணு வச்சிருந்துச்சுல்ல. கடைசில ஜாவாஸ்கிரிப்ட் விதிய முடிவு பண்ற டிசி39 குழு பேரையே ஃப்ளாட்னு மாத்திட்டாங்க. செத்த லைப்ரரிக்காக நல்ல பேர விடணுமான்னு ஆபீஸ்ல கத்தினேன். பக்கத்து சீட் அக்கா திரும்பி, "எங்க ஊரு ஸ்கூல் சைட் அதுலதான்டா ஓடுது, எழுதினவரு இப்ப உயிரோட இல்ல"ன்னாங்க. அதுக்கு மேல நான் பேசல.

நெல்லை_வெப்:
இரவுப்பறவை, அது வேற இது வேற. பழைய சைட்ட காப்பாத்துறது சரிதான், எழுத்து உடையறதுக்கு அது சமாதானம் ஆகாது. நானும் ஒரு பக் (பிழைப் புகார்) போட்டேன், ஸ்கிரீன்ஷாட் மட்டும் ஒட்டி, ரெண்டு வருஷம் அப்படியே கிடந்துச்சு.

கொம்புசுழி, முதல்ல இப்ப இருக்குற வெர்ஷன்லயும் உடையுதான்னு பாருங்க, உடைஞ்சா வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ்ல ஒரு டெஸ்ட் போடுங்க, குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் எல்லாரும் ஓட்டுற டெஸ்ட் அது. ரெண்டு பக்கம் எழுதுங்க, ஒண்ணுல லெட்டர் ஸ்பேசிங், இன்னொண்ணுல ஒவ்வொரு எழுத்தையும் தனி ஸ்பேன்ல (ஒரு துண்ட தனியா சுத்தி வைக்கிற ஹெச்டிஎம்எல் டேக்) போட்டு அதே அளவு மார்ஜின் (வெளி இடைவெளி), ரெண்டும் பிக்சலுக்கு பிக்சல் ஒத்துப் போகணும். ஃபாண்ட்டையும் கூடவே வைங்க, மெஷினுக்கு மெஷின் ஃபாண்ட் மாறும். க வரிசைல கெ கே கை கொ கோ கௌ ஆறையும் போடுங்க, கொம்பு இடப்பக்கம் போறதுதான் சிக்கலே. டெஸ்ட் தோத்து சிவப்பா நின்னா யாராவது ஒருநாள் தொட்டே ஆகணும், ஸ்கிரீன்ஷாட்ட யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

கொம்புசுழி:
உக்காந்துட்டேன், முதல் வார்த்தையா "கொன்றை"யத்தான் போட்டிருக்கேன். ஒரு சந்தேகம், ஒகரக் குறி ஒரே கோட்பாயிண்ட்டாவும் (யூனிகோட் குடுக்குற எண்) வரும், கொம்பு கால்னு ரெண்டாவும் வரும், ரெண்டுக்கும் தனித்தனி டெஸ்ட் வேணுமா?