ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டுக்கு 24, 27, 32 அங்குலம்: எந்த மானிட்டர் எடுப்பது?

கதிரொளி:
என்னிடம் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி கார்டு இருக்கிறது. மானிட்டர் பழைய 22 அங்குலம், 60 ஹெர்ட்ஸ்தான் (நொடிக்கு 60 முறை படம் மாறும்). மாற்றலாம் என்று கடையில் கேட்டால், 32 அங்குலம் எடுத்தால் இந்தக் கார்டு திணறிவிடும், 24 போதும் என்கிறார்கள். நண்பனோ 32-தான் வாங்கு என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். மேசையின் ஆழம் 60 செ.மீ. பகலெல்லாம் கோடிங், ராத்திரி சைபர்பங்க் 2077 கேம். எதை வாங்குவது?

மூன்றாம்மாடி:
அங்குலத்துக்கும் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை நண்பரே. கார்டு வரைவது பிக்சலை, அதாவது திரையில் உள்ள புள்ளிகளை. 24 அங்குல 1080பி-யாக (1920 x 1080 பிக்சல்) இருந்தாலும் 32 அங்குல 1080பி-யாக இருந்தாலும் அதற்கு ஒரே வேலைதான், சுமார் 20.7 லட்சம் பிக்சல். 1440பி-யில் (2560 x 1440) அது 36.9 லட்சம் ஆகிறது, 4கே-யில் 83 லட்சம், அதாவது 1080பி-யைப் போல நாலு மடங்கு. அதனால் முதலில் ரெசல்யூஷனை (மொத்தம் எத்தனை பிக்சல் என்பதை) முடிவு செய்யுங்கள், அளவை அப்புறம் பார்க்கலாம். 3060-க்கு 1440பி சரியாக இருக்கும். சைபர்பங்கில் ரே ட்ரேசிங்கை (ஒளியை நிஜம்போலக் கணக்கிடும் வசதி) அணைத்துவிட்டு டிஎல்எஸ்எஸ்-ஐ (குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கும் வசதி) குவாலிட்டியில் வையுங்கள், நன்றாகவே ஓடும். புது கேம்களுக்கு இந்தக் கார்டில் 4கே வேண்டாம்.

தறிக்காரர்:
மேலே சொன்னது சரி, ஆனால் கோடிங் செய்பவருக்கு எழுத்தின் கூர்மைதான் முக்கியம். 27 அங்குலத்தில் 1080பி எடுத்தால் ஓர் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் வரும். நான் ஒரு வருஷம் அப்படி ஒன்றை வைத்திருந்தேன், 'ழ'-வின் சுழியில் படிக்கட்டு மாதிரி பல் பல்லாகத் தெரியும், சாயங்காலம் கண் எரியும். அதே 27-இல் 1440பி என்றால் 109, எழுத்து அச்சடித்த மாதிரி நிற்கும். 32-இல் 1440பி எடுத்தால் மறுபடி 92-க்கு இறங்கிவிடும், அது 24 அங்குல 1080பி-யின் கூர்மைதான். 60 செ.மீ. மேசையில் 32 வைத்தால் மூலையைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியிருக்கும். சந்தேகமாக இருந்தால் செய்தித்தாளை 60-க்கு 34 செ.மீ. அளவில் வெட்டி (27 அங்குலத் திரை அவ்வளவுதான்) மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் உட்கார்ந்து பாருங்கள். 32 அங்குலம் என்றால் 71-க்கு 40 செ.மீ. அளவில் வெட்டுங்கள்.

கதிரொளி:
ஒட்டிப் பார்த்தேன். 71 செ.மீ. தாள் பக்கத்து அலமாரிக் கதவை மறைக்கிறது! 27 அங்குலம் 1440பி-தான், 144 ஹெர்ட்ஸில் தேடுகிறேன். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்றாம்மாடி:
டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் மாட்டுங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டாக இருந்தால் 1440பி-யில் 144 ஹெர்ட்ஸ் கிடைக்காது. பெரிய கேமில் நொடிக்கு 60, 70 ஃபிரேம்தான் (படம்) வரும், அதனால் அடாப்டிவ் சிங்க் (கார்டின் வேகத்துக்கு ஏற்பத் திரையும் மாறும் வசதி) உள்ள மானிட்டராகப் பாருங்கள், காட்சி பாதியில் வெட்டுப்பட்ட மாதிரி கிழியாது. கேபிளைக் கார்டில்தான் செருக வேண்டும், மதர்போர்டில் இருக்கும் போர்ட்டில் அல்ல. என் தம்பி மதர்போர்டில் மாட்டி மூன்று வாரம் ஆடிவிட்டு கார்டு பழுது என்று நினைத்துக்கொண்டிருந்தான். மாட்டியதும் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய் 144-ஐ நீங்களே தேர்ந்தெடுங்கள், பல நேரம் அது 60-லேயே நிற்கும்.