பழைய கேசட்டை எம்பி4 ஆக்கினால் கோடு கோடாக வருகிறது, உதவி தேவை

செல்லூர்:
வணக்கம். 2007 சித்திரைத் திருவிழாவில் சித்தப்பா ஹேண்டிகேமில் எடுத்த மினி டிவி (MiniDV) கேசட் கிடைத்தது. ஃபயர்வயர் கேபிள் வழியாகக் கணினியில் ஏற்றிவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி ஏவிஐ கோப்பு. எடிட்டிங் மென்பொருளில் 1920×1080, நொடிக்கு 30 ஃபிரேம், 2 எம்பிபிஎஸ் என்று வைத்து எம்பி4 எடுத்தேன். அழகர் ஆற்றில் இறங்கும்போது தோப்பறையில் (தோல் பையில்) தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் மேல் சீப்புப் பல் போலக் கோடுகள். தண்ணீரோ கட்டம் கட்டமாக உடைகிறது. அப்பத்தா முகம் அகலமாகிவிட்டது. அவர் இப்போது இல்லை, நடமாடும் படம் இது ஒன்றுதான். எதை மாற்ற வேண்டும்?

திருப்பரங்குன்றம்:
தம்பி, ஏவிஐயை அழித்துவிடவில்லையே?

செல்லூர்:
இல்லண்ணே, இருக்கு.

திருப்பரங்குன்றம்:
அப்போ கவலை இல்லை. அந்த எம்பி4-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு ஏவிஐயிலிருந்தே தொடங்குங்கள். நம்ம ஊர் கேமரா பால் (PAL) முறை: 720×576, நொடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமிலும் வெவ்வேறு நேரத்தில் பிடித்த இரண்டு பாதிகள், அதாவது ஃபீல்டுகள், ஒன்றுவிட்டு ஒரு வரியாகக் கிடக்கும். அவற்றைப் பிரிக்காமல் 1080-க்கு இழுத்ததால் இரண்டும் கலந்துவிட்டன. கலந்த பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

எடிட்டரை விடுங்கள், இலவச ஹேண்ட்பிரேக் (HandBrake) மென்பொருள் போதும். டீஇன்டர்லேஸ், அதாவது ஃபீல்டுகளைப் பிரிக்கும் இடத்தில் பிவ்டிஃப் (Bwdif), அதில் பாப் (Bob). ஃபிரேம் ரேட் 50. அப்போது ஒவ்வொரு ஃபீல்டும் ஒரு முழுப் படமாகும், பீய்ச்சும் தண்ணீர் நேரில் பார்த்த மாதிரியே ஓடும். 25 என்று வைத்தால் அசைவில் பாதி போய்விடும். 30 வேண்டவே வேண்டாம். அளவு 768×576, அப்பத்தா முகம் பழையபடி வந்துவிடும்.

பிட்ரேட் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். வீடியோ சுருக்க முறை எச்.264, தரம் ஆர்எஃப் (RF) 17. எண் குறையக் குறையத் தரம் கூடும். தெறிக்கும் தண்ணீரும் ஆற்றுக் கூட்டமும்தான் வீடியோவைச் சுருக்கும் எந்த என்கோடரையும் திணறடிப்பவை. 2 எம்பிபிஎஸ் அங்கே எப்படிப் போதும்? ஆர்எஃப் வைத்தால் அந்த இடத்துக்கு வேண்டியதை அதுவே கூட்டிக்கொள்ளும். ஒலி ஏஏசி 192.

மேலூர்:
பெரிய டிவியில் பார்க்க 1080 ஆக்கினால் நல்லதில்லையா அண்ணே?

திருப்பரங்குன்றம்:
கேசட்டில் இல்லாத நுணுக்கம் அதனால் வராது. பெரிதாக்கும் வேலையை டிவியே செய்துகொள்ளும். யூடியூபில் ஏற்றுவதென்றால் மட்டும், டீஇன்டர்லேஸ் முடித்தபின் பெரிதாக்கலாம்.

செல்லூர்:
ஒரு நிமிடத் துண்டு எடுத்துப் பார்த்தேன். கோடு இல்லை. தண்ணீர் துளித் துளியாகத் தெரிகிறது. அப்பத்தா கும்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைக்கிறார். இதை நான் இதற்கு முன் கவனித்ததே இல்லை. ரொம்ப நன்றிண்ணே. ஆனால் அசைவு லேசாக முன்னும் பின்னும் உதறுகிறது.

திருப்பரங்குன்றம்:
அது ஃபீல்டு வரிசை மாறியதால். மினி டிவி கேசட்டில் கீழ் ஃபீல்டுதான் முதலில். எடிட்டரில் வெட்டி எடுத்த துண்டாக இருந்தால் அங்கேதான் மேல் ஃபீல்டு என்று மாறியிருக்கும்; வெட்டாத ஏவிஐயை நேராகக் கொடுத்துப் பாருங்கள்.

செல்லூர்:
சரியாகிவிட்டது அண்ணே. முழுக் கேசட்டையும் போட்டுவிட்டேன், ஓடிக்கொண்டிருக்கிறது.

திருப்பரங்குன்றம்:
முடிந்ததும் ஏவிஐயை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று சித்தப்பா வீட்டில் இருக்கட்டும்.